பூவம்மா தொட்ட மரம்

பூவம்மாவின் ஒற்றையறைக் காம்பராவில் ஆள் காலை நீட்டிப் படுக்க இடம் கிடையாது. மரங்கள்தான் நீட்டிப் படுத்திருந்தன. சுவரோரம் கருங்கல்லை வரிசையாக வைத்து, கல்லின் மேல் ஒரு கட்டை, அதன் மேல் விரல் தடிமனில் குறுக்குக் குச்சிகள், குச்சிகளின் மேல் இன்னொரு கட்டை என்று அடுக்கு கூரைத் தகரம் வரைக்கும் ஏறியிருக்கும். ஒவ்வொரு கட்டையின் இரண்டு முனையிலும் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பியிருப்பாள். நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், எல்லாக் காம்பராவிலும் நாற்றம் உண்டு. ஒரே அறையில் சமைத்து, ஒரே அறையில் பிள்ளை பெற்று, அதே அறையில் செத்தும் போனால் வேறு என்ன மணக்கும்? ஆனாலும் பூவம்மாவின் வாசலைத் தாண்டும்போது மட்டும் எல்லோருக்கும் மூக்கு முளைத்துவிடும்.

"ஏ பூவம்மா, மாட்டுப்பட்டியில குடியிருக்கியா, இல்ல நீயே மாடாப் போயிட்டியா?"

"மாடுதான். கிட்ட வா, முட்டுறேன்."

திருச்சிப் பக்கத்திலிருந்து தாயின் இடுப்பில் உட்கார்ந்து இந்த மலைக்கு வந்தவள் அவள். வந்த முதல் மழையிலேயே தாய் போய்ச் சேர்ந்தாள். யார் யாரோ போட்ட சோற்றில் வளர்ந்து, கூடை சுமக்கத் தோள் திரண்ட வயதிலிருந்து கொழுந்து கிள்ளுகிறாள். கட்டிக்கொண்டவன் வீரய்யா. தேயிலை ஆலையில் பெட்டி அடிக்கும் வேலை. சாதியில் ஆசாரி இல்லை, பறையர் வீட்டுப் பிள்ளை. பெட்டிக்கு ஆணி அடித்த கைக்கு உளியும் பிடிபட்டது. மிச்சமாகிற மரத்தில் மயிலும் குதிரையும் செதுக்குவான். உளி மரத்தில் இறங்குவதற்கு முன் பிடித்திருப்பவன் சாதி என்ன என்று கேட்பதில்லை. மனிதன்தான் கேட்கிறான்.

ஆனால் ஒரு சனியன். வீரய்யா செதுக்கிய மயிலின் கழுத்து மாதம் போவதற்குள் பிளந்தது. குதிரையின் வயிறு வெடித்தது. "கண்ணு பட்டிருச்சி" என்றான் வீரய்யா. உளிப்பெட்டியில் எலுமிச்சம்பழத்தைக் கட்டினான். பழம் காய்ந்தது, மரம் வெடித்தது. மிளகாயைச் சுற்றிப் போட்டான். காம்பரா முழுக்க இருமியது, மரம் வெடித்தது.

பூவம்மா விறகு பொறுக்கி வளர்ந்தவள். முழு உருளையாகப் போட்ட விறகு காயக் காய நடுவிலிருந்து வெளியே நட்சத்திரம் போலப் பிளப்பதையும், இரண்டாகப் பிளந்து போட்ட விறகு அப்படிப் பிளக்காமல் கிடப்பதையும் அடுப்பு மூட்டுகிற எந்தப் பெண்ணும் தினம் பார்க்கிறாள். பூவம்மா பார்த்ததோடு விடவில்லை. ஈரம் முனை வழியாகத்தான் ஓடுகிறது, ஓடுகிற அவசரத்தில்தான் மரம் கிழிகிறது என்று அவளுக்குத் தோன்றியது. முனையை அடைத்துப் பார்த்தாள். மரத்தின் நடுவில் ஓடும் குருத்தோடு சேர்த்துப் பிளந்து, அந்தக் குருத்தைச் செதுக்கி எறிந்து பார்த்தாள். வெயிலில் போடாமல் நிழலில் போட்டாள். முதல் கட்டை புழுத்துப் போனது. அடுத்த தடவை பட்டையை உரித்துவிட்டு வைத்தாள். அதற்கடுத்தது தரையில் பட்ட பக்கம் கறையான் தின்றது. கல்லின் மேல் ஏற்றினாள். இப்படித் தோற்றுத் தோற்று ஒரு நாள் வீரய்யாவின் மயில் வெடிக்காமல் நின்றது.

"பாத்தியா, எலுமிச்சங்கா வேல செஞ்சிருச்சி" என்றான் வீரய்யா.

பூவம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சாணி குழைக்கப் போனாள். எலுமிச்சங்காய் இல்லை, தன் கைதான் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பலமுறை நினைத்தாள்.

பக்கத்துக் காம்பரா றோசாலி வேதக்காரி. அவள் புருசன் எட்வர்ட் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் போகிறவன். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கீழே உருகி விழுந்த மெழுகையெல்லாம் றோசாலி சுரண்டி மடியில் கட்டிக்கொண்டு வருவாள். பூவம்மா அதை உருக்கி, நல்ல கட்டைகளின் முனையில் பூசுவாள். சாணியைவிட மெழுகு ஈரத்தை இறுக்கிப் பிடிக்கும்.

"சாமியாரு கண்டா என்னைய நரகத்துக்கு அனுப்பிருவாரு."

"அங்கயும் மெழுகு கெடைக்கும், சுரண்டிக்கிட்டு வா."

எட்வர்ட்தான் வீரய்யா செய்த மயில் பெட்டி ஒன்றைப் பதுளைக் கடைத்தெருவில் தாஸிம் முதலாளியிடம் காட்டினான். தாஸிம் மரச்சாமான் கடைக்காரர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பலகை சேரும் மூட்டுகளை மோந்து பார்த்து, "இது வெடிக்கல்லியே, எப்புடி?" என்று கேட்டாராம். பெரிய பலா மரத்தில் செதுக்கு வேலை செய்த கதவு ஒன்று கொண்டுவரச் சொன்னார். ஒரு மழையும் ஒரு வெயிலும் வெடிக்காமல் தாங்கினால், புருசன் பெண்டாட்டி இருவருக்கும் தன் பட்டறையில் வேலை, பட்டறைக்குப் பின்னால் ஒரு வீடு, தோட்டத்திலிருந்து விடுவித்துக்கொள்ளும் பேச்சுவார்த்தை தன் பொறுப்பு என்றார்.

வீடு. சன்னல் இருக்கிற வீடு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுக்காத காலை. பூவம்மாவுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. கதவுக்குத் தக்க அகலத்தில் ஒரு பலா வேண்டும். தோட்டத்தில் நிற்கிற மரம் துரையுடையது. விழுந்த மரமும் துரையுடையதுதான். ஆற்றில் வருவது மட்டும் யாருடையதும் இல்லை.

அந்த மார்கழியில் மலை இடிந்தது. மேலே எங்கோ ஒரு கிராமத்துத் தோப்பு மண்ணோடு சரிந்து ஆற்றில் இறங்கியது. மழை விட்ட மத்தியானம் வண்டிப் பாலத்தின் கால்களில் சிக்கிக் கிடந்தது அந்தப் பலா. பாலத்துக்கு ஆபத்து, இழுத்துப் போடுகிறவன் எடுத்துக்கொள்ளலாம் என்று துரை சொல்லிவிட்டார். எட்வர்டின் மாடுகளும், வீரய்யாவின் கயிறும், இரண்டு பெண்களின் தோளும் சேர்ந்து அதைக் கரையேற்றின.

"யேசுவே, இது மரமா, ஆனையா!" என்று மூச்சு வாங்கினான் எட்வர்ட்.

பூவம்மா அன்றே பட்டையை உரித்தாள். ஆற்று மணல் வெடிப்புகளில் புகுந்திருந்தால் உளியின் வாயைத் தின்றுவிடும் என்று தேங்காய்நார்த் தும்பால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவக் கழுவ உள்ளேயிருந்த மஞ்சள் தெரிந்தது. இருந்த மெழுகையெல்லாம் உருக்கி முனைகளில் ஊற்றினாள். மறுநாள் ஆப்பு வைத்து நட்டநடுவில் பிளக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பெரிய கங்காணி வந்தார்.

துரைக்கு அடுத்தபடி அந்தத் தோட்டத்தில் அவர்தான். வேட்டிக்கு மேல் கோட்டு, தலையில் பாகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. பின்னால் பூசாரி. பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கங்காணி இந்தியாவிலிருந்து ஐம்பொன்னில் அம்மன் சிலை வரவழைத்துவிட்டான் என்று இவருக்குச் சில மாதங்களாகத் தூக்கமில்லை. இங்கே மாரியம்மன் கோயிலில் வெறும் சூலம்தான்.

"ராத்திரி அம்மா கனவுல வந்தா" என்றார் கங்காணி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "தண்ணியில வர்றேன்டா மகனேன்னு சொன்னா. எந்திரிச்சிப் பாத்தா மரம் வந்து கெடக்கு."

"ஐயா, மரம் நேத்து மத்தியானமே வந்திருச்சிங்களே" என்றாள் பூவம்மா.

"சாமி வந்தப்புறந்தான் சொல்லும். ஒனக்கு என்னா தெரியும்?" என்று விழுந்தார் பூசாரி.

கங்காணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கீழ் லயத்துக் கை பட்டிருக்கே, பூசாரி?"

"ஆத்துத் தண்ணி பட்டதுக்குத் தீட்டு இல்லீங்க. கண்ணு தொறக்குற வரைக்கும் அது மரந்தான். வீரய்யாவே செதுக்கட்டும். கண்ணு தொறந்தப்புறம் அவங்க தள்ளி நின்னாப் போதும்."

தூக்குவதற்கும், உரிப்பதற்கும், கழுவுவதற்கும், செதுக்குவதற்கும் கீழ் லயத்துக் கை ஆகும். கும்பிடுவதற்கு மட்டும் ஆகாது. இந்தச் சாஸ்திரத்தை எழுதினவன் யாராயிருந்தாலும் கூலி கொடுக்காமல் வேலை வாங்கிப் பழகினவனாகத்தான் இருக்க வேண்டும்.

பூவம்மா வீரய்யாவைப் பார்த்தாள். அவன் கதவைப் பற்றிச் சொல்வான், தாஸிமைப் பற்றிச் சொல்வான் என்று நினைத்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "அம்மன எங்கையால செய்யச் சொல்றாங்க, பூவு" என்றான். அவள் கண் முன்னால் பதுளை வீட்டின் சன்னல் மூடிக்கொண்டது.

சரி, மரத்தையாவது சரியாக வைப்போம் என்று அவள் வாய் திறந்தாள். "ஐயா, கட்டைய நடுவுல பொளந்து குருத்த எடுக்கணுங்க. முழுசா வச்சா வெடிச்சிரும்."

பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். "அம்மனோட ஒடம்ப ரெண்டாப் பொளக்கிறதா? தாலியறுத்தவ பேச்சு மாதிரி இருக்கே! முழு மரம், முழு சக்தி. குருத்துலதான் உசிரு இருக்கு."

"உசிரு மரத்த வேரோட புடுங்குனப்பவே போயிருச்சிங்க."

"பொம்பளைய அடக்கி வையி, வீரய்யா" என்றார் கங்காணி.

கோயில் முற்றத்தில் நிழல் இல்லை, விறகுக்கு யாராவது வெட்டிக்கொண்டு போவார்கள். அதனால் மரம் பூவம்மாவின் வாசல் இறவாரத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது. அடுத்த வருசத் திருவிழாவுக்குள் அம்மன் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவு தடித்த மரம் உள்வரை காய எத்தனையோ வருசம் பிடிக்கும் என்று பூவம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் பூசாரி வந்து மரத்தின் மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். பூவம்மா வாரம் முழுக்க மெதுவாக விடவைத்த ஈரத்தை அவர் ஒரு குடத்தில் திருப்பிக் கொடுத்தார். அவர் போனதும் இவள் பழந்துணியால் ஒற்றியெடுப்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மீண்டும் வருவார். மலையில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவர லயத்துப் பெண்கள் படும் பாட்டை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும். குடிக்கக் காத்துக்கிடந்த வாய்கள் அத்தனை இருக்க, அவர் ஒரு கட்டைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு கட்டளையும் போட்டார். மாதவிலக்கு நாட்களில் பூவம்மா அந்தக் காம்பராவிலேயே இருக்கக் கூடாது. அவள் றோசாலி வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஆனால் கனமான கட்டையைப் போட்டது போட்டபடி விட்டால் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஈரம் தங்கிக் கோணிக்கொள்ளும். சாய்த்துத் திருப்பிவிட வேண்டும். வீரய்யாவிடம் சொன்னாள். "சாமி மரத்த நெம்புகோலு போட்டு நெம்பச் சொல்றியா?" என்று அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதனால் அவளே எழுந்து போய், விலக்கு நாளா இல்லையா என்று பாராமல், கடப்பாறையைக் கொடுத்துத் திருப்பிவிட்டு வந்தாள். மாதாமாதம்.

"ஏன்டி, தெரிஞ்சா கொன்னுருவாங்க" என்றாள் றோசாலி.

"ஒங்க சாமியாரு மெழுகு இருக்கு, எங்க பூசாரி மஞ்சத்தண்ணி இருக்கு, மாட்டுச் சாணி இருக்கு. அம்மாளுக்கு என்னோட கைதான் ஆகாதாக்கும்?"

றோசாலி சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

மரம் உள்ளே ஈரமாக இருக்கும்போதே வீரய்யா உளி வைத்தான். கவுச்சியை விட்டான், கோவணத்தைத் துவைத்து மஞ்சளில் நனைத்துக் கட்டினான், பெண்டாட்டியிடம் பேச்சைக் குறைத்தான். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, உதடு வந்தது. அழகான முகம். பூவம்மா அதை மறுக்கவில்லை. உச்சந்தலையில் நட்டநடுவே குருத்தின் கறுத்த புள்ளி தெரிந்தது. அதைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு ஓடத் தொடங்கியிருந்தது. "பாருய்யா, ஆரம்பிச்சிருச்சி. இப்பவாவது பின்பக்கத்துல ஒரு நேர்வெட்டு போடு, வெடிப்பு அந்தப் பக்கம் ஓடிரும், மொகம் தப்பிச்சிரும்" என்றாள்.

"தள்ளி நில்லு. சாமி வேல" என்றான் அவன்.

கண் திறக்கும் நாளில் கோயில் முற்றத்து வெயிலில் அம்மனை நிறுத்தினார்கள். பக்கத்தில் தீக்குழி. இரண்டு பறை, ஒரு நாதசுரம், தோட்டம் முழுக்கக் கூட்டம். பூவம்மா கீழ் லயத்து ஆட்களோடு வேலிக்கு வெளியே நின்றாள். பூசாரி மண்சட்டி நிறையச் சூடம் கொளுத்தி முகத்துக்கு நேரே சுற்றினார். வீரய்யா கடைசி உளியைத் தூக்கினான்.

பட் என்றது. பறைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. உச்சியிலிருந்து நெற்றி வழியாக, மூக்கின் ஓரமாக, உதட்டை இரண்டாக்கி மார்பு வரைக்கும் ஒரு விரல் புகும்படி பிளந்துகொண்டது.

காய்ந்தும் காயாத மரத்தை, நடுக்குருத்தோடு, வாரம் ஒருமுறை நனைத்து, கடைசியில் வெயிலிலும் நெருப்பிலும் நிறுத்தினால் அது வேறு என்ன செய்யும்? ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் மரத்தைப் பார்க்கவில்லை. யாரைப் பிடிக்கலாம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பூசாரிக்கு உடனே அருள் வந்துவிட்டது. உடம்பை முறுக்கிக்கொண்டு, "தீட்டு! தீட்டுப்பட்ட கை! பொம்பளக் கை!" என்று ஆடினார்.

கங்காணி வீரய்யாவின் பக்கம் திரும்பினார். "சொல்லுடா. மரம் ஒன் வாசல்லதானே கெடந்துச்சி? யாரு தொட்டா?"

வீரய்யாவின் கையில் இன்னும் உளி இருந்தது. அவன் பூவம்மாவைப் பார்க்கவில்லை. "அவதாங்க" என்றான். "நான் சொன்னேங்க, வேணாம்னு. அந்த நாள்லயும் வந்து பொரட்டிப் போடுவா. நான் கண்ணால கண்டேங்க."

கங்காணியின் கனவும் பூசாரியின் ஆட்டமும் பூவம்மாவுக்குப் பழக்கமான அசிங்கங்கள். இது புதிது. அவள் சாணி பிசைந்து காப்பாற்றிய ஒவ்வொரு மயிலுக்கும் எலுமிச்சம்பழத்துக்கு நன்றி சொன்னவன், இன்று முதன்முறையாக அவள் கை மரத்தில் பட்டதை ஊரறிய ஒப்புக்கொள்கிறான். அதுவும் இதற்காக.

"மறுக்கிறியா?" என்றார் கங்காணி.

அழுவாள், காலில் விழுவாள், இல்லவே இல்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆமாங்க, தொட்டேன்" என்றாள் பூவம்மா. "மாசா மாசம் தொட்டேன். அத்தன மாசமும் வெடிக்கல. நீங்கதான் இன்னிக்கு வெயில்ல வச்சிச் சூடம் காட்டுனீங்க, இன்னிக்குத்தான் வெடிச்சிருக்கு. கணக்குப் பாத்தா அருளு வர வேண்டியது எனக்கு."

வேலிக்கு வெளியே யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. அவள் தலையை மொட்டையடித்து, ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றி உருள வேண்டும். இல்லையென்றால் பெரட்டில் பேர் வெட்டப்படும், லயத்தில் இருக்க முடியாது. வெடித்த அம்மன் தோட்டத்துக்கு ஆகாது, ஆற்றில் வந்ததை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

"மொட்ட போட்டுக்கடி. மயிருதானே, மொளைக்கும்" என்றான் வீரய்யா வீட்டுக்கு வந்ததும். அடுப்பு பற்றவில்லை. அவன் தரையைப் பார்த்தே பேசினான். "கங்காணி ஐயா என்னைய வெலக்கல. வேற மரம் பாத்துக்கலாம், நீயே செய்யின்னுட்டாரு. ஒனக்கு என்னாத்துக்கு இந்த வீம்பு?"

"நீ வர்றியா?"

"எங்க?"

"பதுளைக்கு. பேர வெட்டுனப்புறம் புடிச்சி வைக்க முடியாதுல்ல. தாஸிம் மொதலாளிக்கிட்டப் போவோம்."

"கதவு எங்க இருக்கு, அங்க போக? சாமி குத்தம் வச்சிக்கிட்டு உளியத் தொட்டா வெளங்குமா?"

பூவம்மா எழுந்தாள். ஆப்புகளையும் அவற்றை அடிக்கும் கொட்டாப்புளியையும் கைக்கோடரியையும் ஒரு சாக்கில் போட்டாள். அவனுக்கு உளிகளை விட்டாள்.

மாலையில் அம்மனைப் பாலத்தடியில் இறக்கிவிட்டார்கள். மஞ்சள் பூசிய முகம் மேலே பார்த்தபடி மிதந்து போனது. கரையில் நின்ற பெண்கள் வாயிலடித்துக்கொண்டு அழுதார்கள். அதே பெண்களில் ஒருத்திகூடப் பூவம்மா மூட்டையோடு பாதையில் இறங்கியபோது ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பாலத்துக்குக் கீழே பாதையை ஒட்டி ஆறு அகன்று மணல் தட்டுகிற இடம் அவளுக்குத் தெரியும். வெள்ளத்துக்குப் பின் கட்டை பொறுக்க அவள் போகிற இடம். அவள் சொல்லி வைத்திருந்தபடி விடிந்ததும் எட்வர்ட் பெட்டி வண்டியோடு அங்கே வந்தான், றோசாலியும் ஏறி வந்திருந்தாள். அம்மன் மணலில் மல்லாந்து கிடந்தாள்.

றோசாலி சிலுவை போட்டுக்கொண்டாள். "பாக்கவே பயமா இருக்குடி. சாமியில்லியா?"

"ஒஞ்சாமி இல்லியே. நீ ஏன் பயப்படுறே? காலப் புடி."

இழுத்துக் கரையில் போட்டதும் பூவம்மா வெடிப்பின் உச்சியில் ஆப்பை வைத்தாள். எட்வர்ட் கொஞ்சம் தள்ளிப் போய் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றான். முதல் அடியில் மரம் முனகியது. அவள் அடித்த வேகத்தில் கூடுகளிலிருந்து குருவிகள் கிளம்பின. வெடிப்பு எங்கே போக விரும்பியதோ அந்த வழியிலேயே ஆப்பு போனது. கடைசி அடியில் அம்மன் இரண்டாக விழுந்தாள், இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். உள்ளே சக்தியும் இல்லை, பேயும் இல்லை. நீள நீளக் கோடாக நல்ல மஞ்சள் பலா, நடுவில் சுண்டுவிரல் தடிமனில் சொத்தைக் குருத்து. அதை அவள் கைக்கோடரியால் கொத்தி எறிந்தாள்.

பதுளையில் தாஸிம் முதலாளி வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார். "யா அல்லாஹ்! இது என்னா தங்கச்சி, பாதி மூஞ்சி?"

"மொகத்த எழைச்சி எடுத்துரலாங்க, மொதலாளி. மரத்தப் பாருங்க. கதவுக்குத் தாராளமாக் காணும்."

"செதுக்குற ஆளு எங்க?"

"கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரு."

தாஸிம் உதட்டைப் பிதுக்கினார். செதுக்க அவரிடம் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து கட்டையை இறக்கும்போது அவள் பட்டறைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். ஈர மரங்கள் தரையோடு தரையாக, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. கறையான் ஒரு மூலையில் புற்றே வைத்திருந்தது. "இப்புடிப் போட்டா கதவு வெடிக்காம என்னா செய்யும்? மரத்துக்கு மூச்சு விட எடம் வேணாமா?" என்று அவள் முதலாளியையே அதட்டிவிட்டாள். பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தாஸிம் சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் கொட்டகை அவளுடையது. பின்னால் ஒரு சின்ன அறை. அதற்குச் சன்னல் இருந்தது. கட்டில் ஒன்றுதான்.

மழைக்காலம் முடிந்ததும் பாதை வேலைக்காரர்கள் வெட்டித் தள்ளிய மரம், மண்சரிவில் வந்த மரம், இடிந்த வீட்டு உத்திரம் என்று அவள் வண்டி அனுப்பி எடுத்துவரச் சொல்வாள். பட்டை உரிப்பாள், பழைய ஆணி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாள், பிளப்பாள், முனையில் மெழுகு பூசுவாள், அடுக்குவாள். எந்த நாளானாலும் திருப்பிவிடுவாள்.

சில வருசம் கழித்து, ஒரு மத்தியானம் பெரிய கங்காணி கடையில் வந்து இறங்கினார். பாகை நரைமயிருக்கு மேல் இருந்தது, தடி அதேதான். பூசாரியும் வந்திருந்தார். திருவிழா நெருங்குகிறது, அம்மனுக்கு நல்ல பலாக்கட்டை வேண்டும். வீரய்யா செதுக்கிய இன்னும் இரண்டு அம்மன்களும் வெடித்துவிட்டன போலிருக்கிறது.

தாஸிம் கொட்டகையின் பின்வரிசையில் இருந்த பாதிப் பிளவுக் கட்டையைக் காட்டினார். உள்வரை காய்ந்தது. விரலால் தட்டினால் கணீரென்றது.

"சாமி காரியம், மொதலாளி" என்று குரலைத் தாழ்த்தினார் கங்காணி. "சுத்தமான மரந்தானே? பொம்பள கிம்பள கை படாததுதானே?"

தாஸிம் வாயைத் திறந்தார். அதற்குள் பூவம்மா முழங்கை வரை சாணியோடு அடுக்குக்குப் பின்னாலிருந்து வந்தாள். உள்ளே போய்விடு என்று தாஸிம் கண்ணைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தும் நிற்கவில்லை.

"ஐயா, நான்தான் பூவம்மா. கீழ் லயத்துப் பூவம்மா. இந்தக் கட்டைய உரிச்சது நானு, கழுவுனது நானு, ரெண்டாப் பொளந்து குருத்த எடுத்தது நானு. மாசத்துல எல்லா நாளும் தொட்டுப் பொரட்டுனதும் நானு. கேட்டுக்கிட்டீங்களா?"

கங்காணியின் முகம் ஒரு நொடி கறுத்தது. பூசாரி கட்டையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். அருள் வரவில்லை. கடைத்தெருவில், திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, வேறு மரம் கிடைக்காத இடத்தில், அருள் வருவதில்லை.

"மழ இருட்டிக்கிட்டு வருதே, பூசாரி" என்றார் கங்காணி, அவள் நின்ற இடத்தில் காற்று மட்டும் இருந்த மாதிரி. "சீக்கிரம் ஏத்தச் சொல்லுங்க. நனையாமக் கொண்டு போகணும்."

வண்டியில் ஏற்றினார்கள். நனையாமலிருக்கச் சாக்கைப் போட்டு மூடினார்கள். பூவம்மா அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், சிரிப்பாள் என்று பட்டறை ஆட்கள் எதிர்பார்த்தார்கள். அவளுக்கு இரண்டும் வரவில்லை. ஒரு பெண்ணை மொட்டையடித்து உருளச் சொல்லவும், வீட்டை விட்டுத் துரத்தவும், புருசனே அவளைக் காட்டிக்கொடுக்கும்படி செய்யவும் போதுமானதாக இருந்த தீட்டு அது. அவர்களுக்கே அதில் நம்பிக்கை இருந்திருந்தால்கூட அவள் கொஞ்சம் மன்னித்திருப்பாள்.

கொட்டகையின் பின்பக்கம் போய் வாந்தியெடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்தாள்.